மாப்பிள்ளைக் காருக்குப் புதுக் கார்பரேட்டர் போட்ட கோடை

1985 மே 25, சனிக்கிழமை. தேதியில் எனக்குச் சந்தேகம் இல்லை. மறுநாள் அத்தைக்குக் கல்யாணம்.

அன்றைய காலை எல்லா நாளையும் போலத்தான் தொடங்கியது. அப்பா கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு கொட்டகைக்குப் போனார். கார் மேல் கிடந்த தார்ப்பாயை இழுத்து மடித்து ஓரமாக வைத்தார். ரேடியேட்டர் மூடியைத் திறந்து, விரல் விட்டுப் பார்த்து, செம்பால் தண்ணீர் ஊற்றினார். ஆயில் கம்பியை உருவித் துடைத்து, மறுபடி உள்ளே விட்டு, மறுபடி உருவி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு இஞ்சினை ஓடவிட்டு, ஒரு பீடி தீரும்வரை பக்கத்தில் நின்று கேட்டார். அம்மா வாசல் தெளித்தாள். நான் பல் துலக்கிக்கொண்டே காரைச் சுற்றி வந்தேன். வாசலில் பந்தலும், பின்கட்டில் ஈரத்துணி போர்த்திய பூக்கூடைகளும் இல்லாவிட்டால் அதைக் கல்யாண வீடு என்றே சொல்ல முடியாது.

என் வயதை ஒத்தவர்களுக்கு மாப்பிள்ளைக் கார் என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் மாப்பிள்ளையைப் பிள்ளையார் கோயிலில் உட்காரவைத்து மாலை போட்டு, திறந்த காரில் ஏற்றி, மேளத்துக்குப் பின்னால் நடை வேகத்தில் பெண் வீட்டுக்கு அழைத்து வருவார்கள். சீட்டில் இடம் இருக்கிற அளவுக்குச் சின்னப் பிள்ளைகளை அவர் பக்கத்தில் அடைப்பார்கள். இறங்கச் சொன்னாலும் நாம் இறங்கியதில்லை. எங்கள் ஒதியம்பட்டையும் சேர்த்து வில்லியனூரைச் சுற்றியிருந்த ஊர்களில் அப்படி ஒரு திறந்த கார் எங்களிடம் மட்டும்தான் இருந்தது.

அது பிரெஞ்சுக்காரர் ஒருவர் கப்பலேறும்போது விட்டுவிட்டுப் போன வண்டி. கைமாறிக் கைமாறி அப்பாவிடம் வந்து சேர்ந்தது. ஸ்டியரிங் இடது பக்கம். மேற்கூரைத் துணி எங்களிடம் வருவதற்கு முன்பே மக்கிப் போயிருந்தது. முன்பலகையில் வட்ட வட்டமாக முட்கள், அவற்றின் கீழே பிரெஞ்சு எழுத்து. எதிர்வீட்டில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கிய பெரியவர் ஒருவர் இருந்தார். எழுத்தைப் படித்துச் சொன்னவர் அவர்தான். ஒரு முள் பெட்ரோலுக்கு, இன்னொன்று தண்ணீர்ச் சூட்டுக்கு என்றார். தண்ணீர்ச் சூட்டு முள் எப்போதும் படுத்தே கிடக்கும். "அது ஓடாதுங்க, உடுங்க" என்றார் அப்பா. ஓடாத முள்ளைப் பற்றி அதற்கு மேல் யாரும் யோசிக்கவில்லை. இன்று யோசிக்கிறேன்.

காரை ஓட்டுவது அப்பா. அலங்காரம் அத்தை. அப்பாவின் ஒரே தங்கை, எங்களோடுதான் இருந்தாள். முதலில் எல்லாம் பானெட்டின் மேல் குறுக்கே நாலு சரம், விளக்குகளுக்கு இரண்டு மாலை, அவ்வளவுதான். அத்தை அதை மாற்றினாள். வாழை மரத்தின் பட்டைகளைச் சம அகலத்தில் கீறி, இடைவெளி தெரியாமல் நெருக்கிக் கோத்து, காரின் முகத்தின் அளவுக்கு ஒரு படல் செய்வாள். அதன் மேல் சம்பங்கியை ஒவ்வொன்றாக ஈர்க்குச்சியால் குத்துவாள். நடுவில் செவ்வந்தியால் பெண்ணின் பெயரின் முதலெழுத்தும் மாப்பிள்ளையின் முதலெழுத்தும். சுற்றிலும் கனகாம்பரம். அதைக் காரின் முன்னால் கட்டினால் கம்பி வலை, நம்பர் பலகை, துரு எதுவும் தெரியாது. பூவால் ஆன ஒரு முகம் மட்டும் மெதுவாக நம்மை நோக்கி வரும். "வண்டி பாதி, பாப்பா போடுற படல் பாதி" என்று அப்பாவே சொல்வார். இருபத்தெட்டு வயதிலும் அவருக்கு அவள் பாப்பாதான்.

அந்தப் படலுக்காகவே எங்கள் காரைக் கேட்டு வந்தார்கள். அந்தக் காலத்திலேதான் கார் நிற்கவும் ஆரம்பித்தது.

சொல்லிவைத்தாற்போல ஊர்வலம் பாதி வழி கடந்ததும் இஞ்சின் திணறும். இரண்டு முறை இருமும். நின்றுவிடும். பானெட்டைத் திறக்க வேண்டுமே, படல் குறுக்கே இருக்கும். அதனால் முதல் வேலையாகப் படலை அவிழ்த்து, பூ உதிராமல், பக்கத்து வீட்டுச் சுவரில் பதமாகச் சாய்த்து வைப்போம். பிறகு மெக்கானிக் வருவார். கார்பரேட்டரைத் தட்டுவார், ஊதுவார். "பெட்ரோலே எறங்கல" என்பார். அரை மணி கழித்து வண்டி தானாகவே கிளம்பும். படலை மறுபடி கட்டி, மீதித் தூரத்தை எப்படியோ கடப்போம். மூன்று கல்யாணங்களில் இது நடந்தது. வெளியூர் வாடகைக்கு விழுப்புரம்வரை போனால் நிற்காத வண்டி, மாப்பிள்ளை ஏறினால் நிற்கிறது. ஊர் என்ன சொல்லும்? சொன்னார்கள். அதில் ஒரு பெண்ணுக்குப் புகுந்த வீட்டில் தகராறு என்று கேள்விப்பட்டதும் இன்னும் சத்தமாகச் சொன்னார்கள்.

இந்த நேரத்தில்தான் அத்தைக்கு இடம் அமைந்தது. மாப்பிள்ளைக்குப் பாகூர்ப் பக்கம். பனித்திட்டுக் குப்பத்திலிருந்து மீன் ஏற்றிப்போகும் ஐஸ் லாரிக்கு டிரைவர், அதற்கு முன் வடக்கே லாரி ஓட்டியவர். பெண் பார்க்க வந்தபோது அதிகம் பேசவில்லை. எங்கள் காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, "லெஃப்ட் ஹேண்ட் வண்டியா" என்றார். அத்தை கதவுக்குப் பின்னால் என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் அடுத்த வாய்க் காப்பி குடிக்கும்வரை அவள் பிடி தளரவில்லை.

தாம்பூலம் மாற்றும் அன்று பேச்சு வந்தது. மாப்பிள்ளையின் அம்மா வெற்றிலையை மடித்துக்கொண்டே சொன்னாள்:

"எல்லாம் சரி தம்பி. மாப்பிள்ளை அழைப்புக்கு வேற வண்டி வச்சுக்கலாம். உன் வண்டி நடுவழியில நிக்கிற வண்டியாமே."

"யார் சொன்னது?"

"எங்க ஊருல மீன் விக்கிறவ வரைக்கும் சொல்றா."

"என் தங்கச்சி கல்யாணத்துக்கு இன்னொருத்தன் வண்டியா? நிக்காதுங்க."

"நின்னுச்சுன்னா?"

அப்பா அங்கே வாயை மூடியிருக்கலாம். கூடம் முழுக்க ஆட்கள். இரு வீட்டுப் பெரியவர்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "நின்னா நீங்க எல்லாம் அப்படியே திரும்பிப் போயிடலாம்" என்றார்.

"இத்த நான் கேக்கல. நீயா சொல்ற, சபையில சொல்ற" என்றாள் அந்த அம்மாள். வெற்றிலையை வாயில் போட்டுக்கொண்டாள்.

அம்மா அன்று இரண்டு நாளுக்குச் சேர்த்துப் பேசினாள். "உன் வண்டிக்கும் உன் வாய்க்கும் நடுவுல அந்தப் பொண்ணு மாட்டிகினு கீது" என்றாள். அத்தை முறத்தில் அரிசியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். புடைத்த அரிசியையே திரும்பப் புடைத்தாள்.

கோடை விடுமுறை தொடங்கிய வாரத்தில் மெக்கானிக் எங்கள் கொட்டகையில் குடியேறிவிட்டார். அவர் கடை வில்லியனூரில் இருந்தது. அதைத் தம்பியிடம் விட்டுவிட்டு வந்தார். இஞ்சினை ஓடவிட்டு, தலையை உள்ளே நுழைத்து, முடிவைச் சொன்னார்:

"ண்ணா, இது மூச்சு பத்தாத இஞ்சினு. இந்தக் கார்ப்ரேட்டர் அந்தக் காலத்துத் துரை ஆபீசுக்குப் போக வச்சது. தொண்டை இத்துனூண்டு. மெதுவாப் போனா பெட்ரோல இழுக்க மாட்டேங்குது. பெரிய தொண்டையா மாட்டிடலாம்."

அது பொருத்தமாகத்தான் பட்டது. எனக்கும் பட்டது. வேகமாகப் போனால் ஓடுகிறது, மெதுவாகப் போனால் நிற்கிறது. வேறு எதைச் சந்தேகப்படுவது?

அப்பாவும் அவரும் பஸ் ஏறி மெட்ராஸ் புதுப்பேட்டைக்குப் போய், ஒரு பெரிய காரிலிருந்து கழற்றிய கார்பரேட்டரைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்தார்கள். குழந்தையை எடுத்துவருவது போல அப்பா அதை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்ததாக மெக்கானிக் சிரித்தார். பழையதற்குத் தொண்டை ஒன்று, இதற்கு இரண்டு. மண்ணெண்ணெயில் கழுவியபோது உள்ளிருந்து பித்தளைத் திருகுகள் வந்தன, காதுத்தோடு அளவில். அவற்றைத் தட்டில் வரிசையாக வைத்தபோது அத்தை ஒன்றை எடுத்து வெயிலில் பிடித்து, நடுவிலிருந்த துளை வழியாக என்னைப் பார்த்தாள். "ஊசி போவாது போலக்கீதே, இதுலயா பெட்ரோல் போவுது" என்றாள்.

மாட்டப் போனால் பொருந்தவில்லை. கார்பரேட்டர் உட்காரும் இடத்தை மேனிஃபோல்டு என்பார்கள். கார்பரேட்டரிலிருந்து வரும் காற்றையும் பெட்ரோலையும் பிரித்து ஒவ்வொரு சிலிண்டருக்கும் கொண்டுபோகும் குழாய்க் கூடு அது. பழைய மேனிஃபோல்டின் வாய் ஒற்றைத் தொண்டைக்கு ஏற்ற வாய். முதலில் நடுவில் ஒரு பலகைத் துண்டு வைத்து முடுக்கிப் பார்த்தார்கள். இடுக்கில் காற்று இழுத்து, பாம்பு சீறுவது போலச் சத்தம் வந்தது. இஞ்சின் தன்போக்கில் அலறியது. கோழிகள் எல்லாம் வேலிக்கு வெளியே போய்விட்டன. "மேனிஃபோல்டையே புச்சா ஊத்திடலாம்" என்றார் மெக்கானிக்.

அதற்கு மர அச்சு வேண்டும். கலப்பையும் தொட்டிலும் செய்யும் ஆசாரி அதைச் செய்துகொடுத்தார். நான்கு கால், நடுவில் அகலமான வாய். தரையில் வைத்தால் ஏதோ ஒரு பிராணி குப்புறப் படுத்திருப்பது போலிருக்கும். வார்ப்புப் பட்டறைக்குப் போய்த் திரும்பிய பிறகு அது எங்கள் விளையாட்டுச் சாமானாயிற்று. வால் கட்டி இழுத்தோம். பிறகு பல வருஷம் அம்மா அதன் கால்களில் துணி உலர்த்தினாள். எந்த வீடு மாற்றலில் அது காணாமல் போனதென்று இப்போது யாருக்கும் தெரியவில்லை. இருந்திருந்தால் இந்த மேசையின் மேல் வைத்திருப்பேன்.

அச்சு இருந்தால் போதுமா, உருக்க அலுமினியம் வேண்டும். மெக்கானிக் உடைந்த பிஸ்டன்கள் கொண்டுவந்தார். கொஞ்சம் குறைகிறது என்றார். மறுநாள் அம்மா சமையலறையிலிருந்து கத்தினாள்:

"சோறு வடிக்கிற குண்டான் எங்க?"

அப்பா கிணற்றடிப் பக்கம் நகர்ந்தார்.

"குண்டான இன்னா பண்ணின? சொல்லு."

"ஓரம் நசுங்கிப்போன குண்டான்தான..."

"நசுங்குனா சோறு வேவாதா? வண்டிக்குச் சோறு போட்டுட்டு என்னை மண்சட்டியில ஆக்கச் சொல்றியா?"

மெக்கானிக் தலையைச் சொறிந்தார். "அண்ணி, குண்டான் அலுமினியம் அவ்ளோ கெட்டி கெடயாது. நான் வேணாம்னுதான் சொன்னேன்." அப்பா அவரைப் பார்த்த பார்வை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. எப்படியோ, அந்த மேனிஃபோல்டில் எங்கள் வீட்டுக் குண்டானும் கலந்திருந்தது. வார்த்து வந்ததும் அம்மா கொட்டகைக்கு வந்து அதைத் தொட்டுப் பார்த்தாள். வெள்ளையாக, சின்னச் சின்னப் புள்ளிகளோடு, உப்புக் கல் மாதிரி இருந்தது. "என் குண்டான் எந்தப் பக்கம்?" என்றாள். மெக்கானிக் கொஞ்சமும் சிரிக்காமல் ஒரு காலைக் காட்டினார்.

அதன் பிறகு அரம், துளை, திருகு. இடுக்கில் காற்று நுழையாமல் அடைக்கும் கேஸ்கட்டை மெக்கானிக் வெட்டுவதை நான் மணிக்கணக்கில் பார்ப்பேன். தடித்த காகிதத்தை மேனிஃபோல்டின் மேல் வைத்து, சின்னச் சுத்தியால் ஓரத்திலேயே தட்டிக்கொண்டு போவார். வெட்டாமலே வட்டம் வட்டமாகக் கழன்று விழும். புதுக் கார்பரேட்டரின் கை பழையதற்கு எதிர்ப்பக்கமாகத் திரும்பியது. ஆக்ஸிலேட்டருக்கு சைக்கிள் பிரேக் ஒயரை வளைத்துக் கட்டினார். எல்லாம் முடிந்து இஞ்சினை ஓடவிட்டபோது சத்தமே மாறியிருந்தது. முன்பு அது சளி பிடித்தவர் பேசுவது போலிருக்கும். இப்போது ஆழத்திலிருந்து 'ஊம்' என்று இழுத்தது. அப்பா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

அப்பா எதையும் நம்பி விட்டுவிடுகிறவர் அல்ல. சோதித்துப் பார்த்தே தீருவேன் என்றார். ஒரு நாள் மத்தியானம், கத்திரி வெயில் மண்டையைப் பிளக்கிற நேரம், தெருப் பிள்ளைகளுக்குத் தட்டும் கரண்டியும் கொடுத்து, எங்களை மேளக்காரர்களாக முன்னால் நடக்கவிட்டார். பின்னால் கார், நடை வேகத்தில். மாப்பிள்ளை சீட்டு காலியாக இருந்தால் பாரம் சரியாக இருக்காதென்று மெக்கானிக் சொல்ல, அம்மா அத்தையைப் பிடித்து ஏற்றிவிட்டாள். அத்தை முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்தாள். எதிர்வீட்டுப் பெரியவர் வாசலில் நின்று, "மாப்பிள்ளை ரொம்ப வெக்கப்படறாரே" என்றார். சைக்கிளில் போன ஒருவர் இறங்கி நின்று, "யார் வூட்டு மாப்பிள்ளைபா இது? பொடவை கட்டிகினு வராரு" என்றார். அத்தை முந்தானைக்குள்ளேயே குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். ஆற்றுப் பாலத்துச் சாலைவரை போய்த் திரும்பினோம். எங்கள் கால்தான் சுட்டது. வண்டி ஒரு முறைகூட இருமவில்லை.

"எத்தினி மைல் வேணா போலாம்ணா" என்றார் மெக்கானிக்.

வெயில் இருந்தது, மேளம் இருந்தது, மாப்பிள்ளைகூட இருந்தார். பூ மட்டும் இல்லை. ஒத்திகைக்கு யாராவது பூ கட்டுவார்களா?

இனி அந்தச் சனிக்கிழமை. தன் கல்யாணத்துக்குத் தானே படல் செய்வது வழக்கமில்லை என்று அம்மா எவ்வளவோ சொன்னாள். அத்தை கேட்கவில்லை. வெள்ளிக்கிழமையே பட்டைகளைக் கீறிக் கோத்தாள். இதுவரை செய்ததிலேயே நெருக்கமான படல் அது. தன் முதலெழுத்தைச் சின்னதாகவும் அவருடையதைப் பெரிதாகவும் குத்தினாள். நான் கேட்டேன். "சின்னதா இருந்தாதான் அழகு" என்றாள்.

மாப்பிள்ளை வீட்டார் அதே ஐஸ் லாரியில் வந்து இறங்கினார்கள். கழுவி, சந்தனம் தெளித்திருந்தார்கள். இருந்தும் மீன் வாசனை சந்தனத்தை ஓரம் கட்டியிருந்தது. கோயிலில் மாலை போட்டு அவரைக் காரில் ஏற்றினார்கள். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி. பக்கத்தில் நானும் அவர் அக்காவின் பிள்ளைகளும். முன்னால் நாதஸ்வரம், தலையில் விளக்கு சுமந்தவர்கள். காருக்குப் பக்கவாட்டில், கைப்பிடி தொட்டுவிடும் தூரத்தில், மாப்பிள்ளையின் அம்மா நடந்து வந்தாள். அவள் மேளத்தைப் பார்க்கவில்லை. காரையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

பாதி வழி வந்தோம். அரிசி மில் திருப்பத்தில் எனக்கு ஒரு வாசனை வந்தது. காய் வேகிற வாசனை. வாழைத்தண்டு வேகும்போது வருமே, அதுபோல. அதன் மேல் சம்பங்கி. இஞ்சின் ஒரு முறை இருமியது. அப்பாவின் கழுத்து விறைப்பதைப் பின்னாலிருந்து பார்த்தேன்.

மாப்பிள்ளை முன்னால் குனிந்தார். "மச்சான், இன்னா வேவுது?"

"ஒண்ணுமில்ல. நீங்க சாஞ்சு உக்காருங்க."

மறுபடி இருமல். பக்கத்தில் நடந்துவந்த மாப்பிள்ளையின் அம்மா நின்றுவிட்டாள்.

"மச்சான், ரேடியேட்டர மூடி இன்னா கட்டி வச்சுக்கீறீங்க? வெறும் பூவா, பின்னாடி பட்டையா?"

"பட்டைதான்..."

அவர் மாலையைக் கழற்றி என் மடியில் போட்டார். கதவைத் திறக்கவில்லை, தாண்டிக் குதித்தார். "டேய், கால கீழ வெக்காதடா" என்று அவர் அம்மா கையை நீட்டுவதற்குள் தெருவில் நின்றிருந்தார். மாப்பிள்ளை பெண் வீட்டு வாசல் சேரும்வரை மண்ணில் கால் வைக்கக் கூடாது. மேளம் தானாக நின்றது.

"ஆக்ஸிலேட்டர உட்றாத மச்சான், மிதிச்சுகினே இரு" என்று சொல்லிவிட்டு, இரண்டு கையாலும் படலைப் பிடித்து இழுத்தார். அத்தை கட்டிய கட்டு சுலபத்தில் வராது. காலைப் பம்பரில் உதைத்து, பிய்த்தார். எழுத்துகள் முதலில் கிழிந்தன. பட்டைகள் வெந்து கறுத்திருந்தன. உள்ளிருந்து வந்த அனல் என் முகம்வரை அடித்தது.

"வடக்க குளுருல லாரி ஓட்டறப்ப இஞ்சின் சூடாவணும்னு ரேடியேட்டருக்கு முன்னாடி சாக்கு கட்டுவோம்" என்றார், மூச்சு வாங்கியபடி. "நீங்க கத்திரி வெயில்ல கட்டிகினு கீறீங்க. பெட்ரோல் பைப்புலயே கொதிச்சுடாது?"

இஞ்சின் தடுமாறியது, விட்டுவிட்டு இழுத்தது. அப்பா காலை எடுக்காமல் மிதித்துக்கொண்டே இருந்தார். பிறகு அந்த 'ஊம்' சத்தம் மெல்ல மெல்லத் திரும்பி வந்தது.

"கீழ எறங்கிட்டானே" என்றாள் அவர் அம்மா.

"எம்மா, வண்டி நின்னாதான திரும்பிப் போவணும்னு பேச்சு? இஞ்சின் நிக்கலியே. நட." அவர் ஏறி உட்கார்ந்து என் மடியிலிருந்து மாலையை வாங்கிப் போட்டுக்கொண்டார். கை நிறைய வாழைச் சாறு. சட்டையில் துடைத்துக்கொண்டார். வாழைக் கறை போகாது. அந்தச் சட்டையில் அது கடைசிவரை இருந்தது.

நாதஸ்வரக்காரர் ஒரு முறை பின்னால் திரும்பிப் பார்த்துவிட்டு வாசிக்க ஆரம்பித்தார். மெக்கானிக் காரோடு ஓடிவந்து அப்பாவிடம், "பழைய கார்ப்ரேட்டரா இருந்தா அங்கியே செத்துருக்கும்ணா" என்றார். அதில் உண்மை இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். வண்டியை விற்கும்வரை புதியதைக் கழற்றவில்லை.

எங்கள் தெரு முனையில் அப்பா காரை மெதுவாக்கி, எல்லோரிடமும் தாழ்ந்த குரலில் சொன்னார்: "பாப்பா கிட்ட காத்துல அறுந்து விழுந்துடுச்சுன்னு சொல்லிடுங்க." மே மாதத்து ஒதியம்பட்டில் இலைகூட ஆடவில்லை.

கார் மொட்டை முகத்தோடு வாசலில் வந்து நின்றது. ஜன்னல் கம்பி வழியாக அத்தை பார்த்துக்கொண்டிருந்தாள். ஆரத்தி எடுத்து, மாப்பிள்ளையை உறவுக்காரர் வீட்டில் தங்கவைத்தார்கள். அதற்குள் ஒரு கிழவி அத்தையிடம், மாப்பிள்ளை நடுத்தெருவில் இறங்கி உன் பூவைப் பிய்த்துப் போட்டார் என்று சொல்லிவிட்டுப் போனாள். காரணத்தைச் சொல்லாமல் போனாள்.

அத்தை என்னைக் கூப்பிட்டாள். "நீ வண்டியிலதான இருந்த? இன்னா நடந்துச்சு, வரிசையா சொல்லு."

நான் வரிசையாகச் சொன்னேன். வாசனை, இருமல், அவர் கேட்டது, குதித்தது, பிய்த்தது, சாக்கு.

"சாக்குன்னா சொன்னாரு?"

"ஆமா அத்தை."

என்னிடம் இல்லை, தனக்குத்தானே கேட்டாள்: "அப்ப அந்த மூணு கல்யாணமும்?"

சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். சாப்பிடக் கூப்பிட்டதற்கு வரவில்லை. கதவுக்கு வெளியே அம்மாவும் அப்பாவும் பேசியது எனக்குக் கேட்டது.

"பூவப் பிச்சவன எப்படிக் கட்டிக்கிறதுன்னு கெடக்குறா."

"நான் போய் இன்னா விஷயம்னு சொல்லட்டா?"

"இன்னா சொல்லுவ? உன் பூவாலதான் வண்டி நின்னுச்சு, உன்னாலதான் மூணு வூட்டுல கெட்ட பேருன்னா? நாளைக்குத் தாலி ஏறப்போற பொண்ணு கிட்டயா? வாய மூடிகினு இரு."

அப்பா வாயை மூடிக்கொண்டார். அவர் மூட வேண்டியிருந்தது தாம்பூலத்தன்று. அன்று ராத்திரி வந்து பக்கத்தில் உட்கார்ந்து, "நாங்க யாருமே பாக்கலியே பாப்பா, நான் ஓட்டறவன், நானே பாக்கலியே" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு மறைப்பதுதான் அன்பு. இப்போது நானும் அந்த வயதைத் தாண்டிவிட்டேன். அவர்களைக் குறை சொல்ல அவ்வளவு சுலபமாக வாய் வரவில்லை. அத்தை காலையில் மணையில் உட்காருவாளா என்பது தெரியாமலே எல்லோரும் படுத்தார்கள். அம்மா அவள் அறை வாசலிலேயே படுத்தாள்.

மறுநாள் ஞாயிறு. வெளுக்கும் நேரத்தில் இஞ்சின் சத்தம் கேட்டு நான் எழுந்து ஓடினேன். அம்மா எனக்கு முன்னால் ஓடிக்கொண்டிருந்தாள்.

கொட்டகையில் அப்பா ஸ்டியரிங்கில் உட்கார்ந்திருந்தார். தூக்கம் கலையாத முகம். அத்தைதான் அவரை எழுப்பியிருக்கிறாள். பழைய புடவையோடு, தலை வாராமல், காரின் முன்னால் நின்றிருந்தாள். காலடியில் மிச்சப் பூக்கூடை. ஒரு முழம் சம்பங்கிச் சரத்தின் நுனியைப் பிடித்து, காரின் கம்பி வலைக்கு எதிரே தொங்கவிட்டாள். சரம் தொங்கவில்லை. உள்ளிருந்த விசிறி இழுத்த இழுப்பில் வளைந்து போய்க் கம்பியோடு ஒட்டிக்கொண்டது. எடுத்தாள். மறுபடி காட்டினாள். மறுபடி ஒட்டிக்கொண்டது.

"பாருண்ணா" என்றாள். "இத்தினி நாளா மூச்சு உட்டுகினுதான் இருந்துக்குது. நான்தான் மூக்கப் பொத்திகினு இருந்தேன்."

அப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"காத்துல விழுந்துச்சுன்னு சொல்லாத" என்றாள் அத்தை. அம்மா பக்கம் திரும்பி, "நீயும் சொல்லாத அண்ணி."

பிறகு உட்கார்ந்து வேலையைத் தொடங்கினாள். பானெட்டின் இரண்டு ஓரத்திலும் இரண்டிரண்டு சரம். விளக்குகளைச் சுற்றிக் கனகாம்பரம். கண்ணாடியின் மேல் விளிம்பில் செவ்வந்தி. முன்பக்கக் கம்பி வலையின் குறுக்கே ஒரு இதழ்கூட இல்லை. அம்மா எண்ணெய்க் கிண்ணத்தோடு வாசலில் நின்று, மணப்பெண் குளிக்க நேரமாகிறது என்று இரண்டு முறை கூப்பிட்டாள். கடைசி முடிச்சைப் போட்டு, நுனியைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டுத்தான் அத்தை எழுந்தாள்.

"நீ போய் அவர இட்டுகினு வா" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு, குளிக்கப் போனாள்.